மேலே இருப்பதையும் வாசியுங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு நடக்கிறது. நாற்பது பேர் உட்கார்ந்திருப்போம், ஒருவர் பேசுவார். போன மாதம், ஒரே நாளில் ஆஸ்தியையும் பிள்ளைகளையும் இழந்த யோபின் புத்தகம். கடைசி அதிகாரத்தில் அவருக்குத் திரும்பவும் ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறந்ததாக வாசித்தோம். "செத்துப்போன பத்துப் பிள்ளைகளுக்கு இது ஈடாகுமா?" என்று கேட்டேன். நான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். "இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு, அதிகமாக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டு நடத்துபவர் மேலே போய்விட்டார். இனி வீட்டிலேயே தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அது தவறா? நல்ல விளக்கவுரைகள் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

யோபின் சிநேகிதர்களைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் நேராக அங்கே வந்து நின்றது.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. 7000 ஆடுகள் 14000 ஆகின்றன, 3000 ஒட்டகங்கள் 6000 ஆகின்றன, பிள்ளைகள் மட்டும் அதே பத்து. முதல் பத்துப் பேரும் தேவனிடத்தில் இருக்கிறார்கள், அதனால்தான் அந்த எண் இரட்டிக்கவில்லை என்று விளக்குகிறவர்கள் உண்டு. அதில் ஆறுதல் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் புத்தகம் அதைச் சொல்லவில்லை. ஈடாயிற்று என்றும் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் வந்தபோது ஏழு நாள் இரவும் பகலும் யோபோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐக்கியம் என்ற பெயருக்கு அந்த ஏழு நாள் தகும். பிறகு வாயைத் திறந்தார்கள். பேசியதெல்லாம் பக்தியான பேச்சு. எலிப்பாஸ் சொன்ன ஒரு வரியைப் பவுலே கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வேதவாக்கியமாக எடுத்துக் காட்டுகிறார். அப்படிப்பட்ட வார்த்தையைத்தான் பிள்ளைகளைப் புதைத்தவன் மேல் எடுத்து எறிந்தார்கள். முடிவில் கர்த்தருடைய கோபம் யார் மேல் மூண்டது? தம்மிடம் வழக்காடி, ஏன் ஏன் என்று கதறிய யோபின் மேல் இல்லை. தமக்காக வாதாடிய இந்த மூவர் மேல். யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். 42ஆம் அதிகாரம், ஏழாம் வசனம். நீங்கள் கேள்வி கேட்ட வசனத்துக்கு ஆறு வசனம் முன்னால் இருக்கிறது. அதை வாசித்துவிட்டு வந்து உங்களிடம் விசுவாசக் குறைவு என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? எனக்கு இது ஆறவே இல்லை.

நான் போய்க்கொண்டிருந்த குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். கண்பார்வை மங்கிவிட்டது, மற்றவர்கள் வாசிக்கக் கேட்பார். யாராவது ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு பேசினால், "அதுக்கு மேல இருக்கிறதையும் வாசிங்க" என்பார். ஒருமுறை, வேலை போன ஒரு தம்பிக்கு எரேமியா 29:11ஐ எல்லாரும் வாக்குத்தத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பெரியவர் மேலே வாசிக்கச் சொன்னார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. பத்தாம் வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்றிருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அறையில் பேச்சு நின்றுபோயிற்று. அப்புறம் அந்தத் தம்பி முதல்முறையாக வாய் திறந்து, வீட்டில் என்ன நடக்கிறது என்று சொன்னான். அதுவரை எங்களுக்கு அவன் ஒரு ஜெபக் குறிப்பு, அவ்வளவுதான்.

இப்போது உங்களிடம் ஒரு கோபம். தனியாகப் படிக்கிறேன் என்கிறீர்களே, "மேலே வாசி" என்று உங்களிடம் யார் சொல்வார்? துக்கத்தில் இருக்கும்போது நாம் காயத்துக்கு ஏற்ற வசனங்களை மட்டும் பொறுக்குவோம், அல்லது புத்தகத்தையே மூடிவிடுவோம். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் தனியாகத்தான் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தான். கருத்து தெரியுமா என்று சுவிசேஷகனாகிய பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அவனைப் பக்கத்தில் ஏற்றி உட்காரவைத்தான். உங்களைப்போல இன்னொரு தாய் அந்த நாற்பது பேரில் இருக்கலாம். நீங்கள் எழுந்து போய்விட்டால், அவள் தன் கேள்வியை ஒருநாளும் கேட்கமாட்டாள்.

நாற்பது பேர் கேட்க ஒருவர் பேசுவது இரண்டாவது பிரசங்கம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வகுப்புகள் பிரித்தபோது, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வைத்தார்கள். ஆலயக் கடனுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கத்தான் முதலில் அந்த ஏற்பாடு. வீடு வீடாகப் போனபோதுதான் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. உங்கள் போதகரிடம் இதைச் சொல்லி, சின்னக் குழுக்களாகப் பிரிக்கக் கேளுங்கள்.

விளக்கவுரை இப்போது வேண்டாம். அடுத்த வாரம் போங்கள். நடத்துபவரைத் தனியே பார்த்து, கோபப்படாமல், 42:7ஐ உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள், ஜெபத்தில் சொல்கிறேன்.