யூரியாவோடு தலையில் கட்டும் திரவத்தை வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: சம்பா நெல்லுக்கு மேலுரம் போட யூரியா வாங்கப் போனேன். ஒரு லிட்டர் பயிர் ஊக்கி வாங்கினால்தான் மூட்டை தருவேன் என்கிறார் கடைக்காரர். பாட்டிலில் ‘கடற்பாசிச் சாறு, புழுவும் அண்டாது’ என்று போட்டிருக்கிறது. வாங்கத்தான் வேண்டுமா ஐயா? அதை அடித்தால் யூரியாவைக் குறைக்கலாமா?
– நெல் விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: வாங்க வேண்டியதில்லை. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 பைசா. அதைக் கொடுத்து, கடையில் விற்பனையைப் பதியும் பிஓஎஸ் மிஷினில் கைரேகை வைத்தால் மூட்டை உங்களுடையது. மானிய உரத்தோடு வேறு சரக்கைக் கட்டாயப்படுத்தி விற்பதைத் தடுக்கச் சொல்லி 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சரே எல்லா முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார்.

இந்தத் திரவங்களுக்கு முன்பு சட்டமே இல்லாமல் இருந்தது. 2021 பிப்ரவரியில்தான் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டு வந்தார்கள். அதன் பிறகும் தற்காலிகப் பதிவில் ஆயிரக்கணக்கான சரக்குகள் ஓடின. அந்த அவகாசம் 2025 ஜூன் 16 அன்று முடிந்துவிட்டது. இப்போது ஆணையின் 6ஆவது அட்டவணையில் அறிவிக்கப்பட்டவற்றை மட்டுமே விற்கலாம். ஒரு காலத்தில் 30,000 வரை விற்ற இடத்தில் சுமார் 650தான் என்று 2025 ஜூலையில் அமைச்சர் சொன்னார். கடைகளில் பழைய இருப்பு இன்னும் கிடக்கலாம். தலையில் கட்டப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான் என்பது என் சந்தேகம்.

லேபிளைப் பாருங்கள். அறிவிப்பில் ஒவ்வொரு ஊக்கிக்கும் பயிரும் அளவும் உண்டு. தக்காளிக்கு அறிவித்ததை நெல்லுக்கு என்று விற்க முடியாது. ‘புழுவும் அண்டாது’ என்ற வரிதான் எனக்குப் பெரிய கவலை. பூச்சியைக் கட்டுப்படுத்துவதாகச் சொன்னால் அது ஊக்கியே இல்லை, 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி தனியாகப் பதிவு வாங்க வேண்டும். ஊக்கியில் பூச்சிக்கொல்லி 0.01 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைத்ததே, உள்ளே மருந்தைக் கலந்து விற்றதால்தான். அடித்த மறுநாளே புழு செத்தால் சந்தோஷப்படாதீர்கள். என்ன மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் கையால் தொட்டிருக்கிறீர்கள்.

கடற்பாசிச் சாறே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நல்ல சாறு வேர் பிடிக்கவும் வறட்சியைத் தாங்கவும் உதவும். ஆனால் அதில் தழைச்சத்து பேருக்குத்தான் இருக்கும். அதை நம்பி யூரியாவைக் குறைத்தால் தூர் (அடியிலிருந்து வெடிக்கும் பக்கக் கிளைகள்) குறையும்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாட்டிலைத் திறக்காமல் வையுங்கள். பில் கேளுங்கள், கொடுப்பது அவர் கடமை. தொகுதி எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுங்கள். கடையில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப உர ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. அப்புறம், இந்தச் சண்டையில் மேலுரம் தள்ளிப் போகக் கூடாது. தூர் கட்டும் பருவம் காத்திருக்காது. உங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள்.