சிங்கப்பூர்ப் பயணமும் சோதனை வரிசையும்: எப்போது புறப்படுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது?

தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அடுத்த மாதம் என் ஆத்தாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குச் சிங்கப்பூர் செல்கிறேன். ஆத்தாவுக்கு 74 வயது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. சென்ற முறை ஒரு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பலகாரப் பையை இரண்டு முறை திறந்து பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் எங்கள் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் ஓடிப்போய் ஏறினோம். இம்முறை திருச்சியிலிருந்து இரவு 11.30 மணி விமானம். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? எதை எந்தப் பையில் வைக்க வேண்டும்?"

முப்பது ஆண்டுகளாகக் காரைக்குடியில் வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்துவரும் எனக்கு, சென்ற முறை உங்களுக்கு நேர்ந்தது புதிதன்று. வரிசையின் நீளம் நம் கையில் இல்லையென்றாலும், சோதனை இயந்திரத்தின் அருகே நம் பை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது பெரும்பாலும் முந்தைய நாள் இரவு வீட்டில் பெட்டி கட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

வரிசை ஏன் நீள்கிறது என்பதை முதலில் பார்ப்போம். திருச்சியின் புதிய முனையம் 2024 ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. நெரிசல் மிகுந்த நேரத்தில் சுமார் 3,500 பயணிகளைக் கையாளும் அளவுக்கு அதைக் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அரை மணி இடைவெளியில் இரண்டு விமானங்கள் புறப்பட்டால், ஒன்றுக்கு 180 பேர் வீதம் 360 பேர் ஒரே நேரத்தில் சோதனைக்கு வந்து சேர்கிறார்கள். ஒரு கணக்குக்காக, நான்கு இயந்திரங்கள் இயங்குவதாகவும், ஒவ்வொன்றும் ஒருவருக்கு 20 விநாடி எடுத்துக்கொள்வதாகவும் வைத்துக்கொண்டால், அத்தனை பேரும் கடக்க அரை மணி ஆகும். ஐந்து பேரில் ஒருவரின் பையை ஒதுக்கிப் பார்க்க அரை நிமிடம் வீதம் கூடினாலே, அந்த அரை மணி ஏறத்தாழ நாற்பது நிமிடமாகிவிடும். வரிசையை நீட்டுபவை அப்படி ஒதுக்கப்படும் பைகள்தாம்.

எக்ஸ்ரே திரையில் உணவு, துணி, காகிதம் போன்றவை ஆரஞ்சு நிறத்திலும், உலோகம் நீல நிறத்திலும் தெரியும். கதிர் ஊடுருவ முடியாத அளவுக்குக் கனமானது கறுப்பாகத் தெரியும். நம் வீட்டு எவர்சில்வர் சம்படத்தில் மாவுருண்டையை நெருக்கி அடுக்கி, அதன்மேல் மணகோலப் பொட்டலத்தை வைத்து, பக்கத்தில் போன் சார்ஜரைச் செருகியிருப்பதாக நினைத்துப் பாருங்கள். திரையில் ஓர் உலோகச் சுவர், அதற்குள் அடர்த்தியான உருண்டைகள், அருகிலேயே ஒயர் என்று தெரியும். வெடிபொருளும் அடர்த்தியான உணவும் திரையில் ஏறத்தாழ ஒரே நிறத்தில் தெரிவதால், திரையைப் பார்க்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர் பையைத் திறக்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அதை அவர் குற்றமாக நான் கருதவில்லை.

ஆகவே பலகாரம் முழுவதையும் செக்-இன் பெட்டியில், அதாவது விமான நிறுவனக் கவுன்டரில் ஒப்படைக்கும் பெட்டியில், போட்டுவிடுங்கள். முறுக்கும் சீப்புச் சீடையும் நொறுங்கிவிடுமே என்று தோன்றினால், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சுற்றிலும் துணி வைத்துப் பெட்டியின் நடுவில் வையுங்கள். கொஞ்சம் கையிலும் இருக்கட்டும் என்று ஆத்தா சொன்னால், சம்படத்தை விடுத்து ஒளி ஊடுருவும் பையில் தனியாக வைத்து, சோதனைத் தட்டில் நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள். நெய், நல்லெண்ணெய், ஊறுகாய் ஆகியவற்றுக்குத் திரவ விதி பொருந்தும்: கைப்பையில் ஒவ்வொரு கலமும் 100 மில்லி லிட்டருக்கு உட்பட்டிருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள ஒளி ஊடுருவும் ஒரே பைக்குள் அடங்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் ஐம்பது மில்லி நெய் மட்டுமே இருந்தாலும் அது போகாது. பாட்டிலின் அளவுதான் கணக்கு. மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் வைக்கவே கூடாது. கொப்பரைத் தேங்காய், அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், அதை எந்தப் பெட்டியிலும் எடுத்துச் செல்லாதீர்கள்.

பாக்குவெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஆச்சிமார் பலருக்கு வெற்றிலைப் பை கைவிட்டுப் போகாது. அதற்குள் பாக்குவெட்டி இருப்பது வீட்டாருக்கே நினைவிருக்காது. பல ஆண்டுகளுக்கு முன் என் மூலம் பயணம் செய்த ஓர் ஆச்சி, மாமியார் கொடுத்த பித்தளைப் பாக்குவெட்டியைச் சோதனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. அவர் கலங்கியதைப் பார்த்த நாளிலிருந்து, பயணச்சீட்டைக் கையில் கொடுக்கும்போதே "பாக்குவெட்டி பெட்டியில் இருக்கிறதா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கத்தரிக்கோலுக்கும் சிறு கத்திக்கும் இதுவே விதி: கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும்.

பவர் பேங்குக்கு விதி நேர்மாறானது. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் இருந்தால் பெட்டியை நிறுத்திவைத்து உங்களைத் திரும்ப அழைப்பார்கள், அதில் நேரம் போய்விடும். 100 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவு) வரை தடையில்லை. கடையில் 20,000 எம்ஏஎச் என்று விற்பது வழக்கமாக 74 வாட்-மணிதான்.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்யுங்கள். நடக்க முடிந்தவர்தானே என்று தயங்க வேண்டாம். முக்கால் மணி நேரம் நிற்பது வேறு, நடப்பது வேறு. நாற்காலியைத் தள்ளிவரும் உதவியாளர் அவரைத் தனி வழியில் அழைத்துச் செல்வார். உடன் ஒருவரை அனுமதிப்பதும் வழக்கம். பேஸ்மேக்கருக்காக மருத்துவமனை கொடுத்த அட்டையை அவர் கையிலேயே கொடுத்துவையுங்கள். உலோகம் கண்டறியும் வாயிலை நிற்காமல் கடந்தால் பொதுவாகப் பாதிப்பில்லை. உலோகம் கண்டறியும் கைக்கருவியை மட்டும் நெஞ்சின்மேல் வைத்துப் பிடிக்கக் கூடாது. அட்டையைக் காட்டி, கையால் சோதித்துக்கொள்ளுமாறு முன்கூட்டியே கேட்கலாம். பெண்களைத் திரையிட்ட அறையில் பெண் காவலர்தான் சோதிப்பார் என்பதை அவரிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் போகும்போதுதான் வயதானவர்கள் கூச்சப்பட்டுத் தவிக்கிறார்கள்.

நகைகள் கூடுதலாக இருந்தால், புறப்படும்போதே சுங்க அலுவலரிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அவை இங்கிருந்து கொண்டுபோனவைதாம் என்பதற்கு அதுவே ஆதாரம். நகைகளின் படமும் ரசீதும் கையிலிருக்கட்டும். இதற்கென்று அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி நேரம். விமானம் 11.30 மணிக்கு என்றாலும், வெளிநாட்டுப் பயணத்துக்குச் செக்-இன் கவுன்டரைப் பொதுவாக 60 நிமிடம், சில நிறுவனங்கள் 75 நிமிடம் முன்பே மூடிவிடும். எனவே உங்கள் கெடு 10.15 என்று மனத்தில் கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். நுழைவாயில், கவுன்டர், பாஸ்போர்ட்டைப் பார்க்கும் குடியேற்றச் சோதனை, அதன்பின் பாதுகாப்புச் சோதனை என நான்கு வரிசைகள் இருப்பதால், எட்டு மணிக்கு முனையத்தில் இருப்பது நல்லது. தேவகோட்டையிலிருந்து காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. வழியில் ஆத்தா இறங்கி இளைப்பாறவும் சேர்த்து, ஐந்தரை மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அடிக்கடி போய்வருபவரானால், குடியேற்ற வரிசையைத் தவிர்க்க விரைவுக் குடியேற்றத் திட்டத்தில் இணையவழி பதிவு செய்துகொள்ளலாம். 2025 செப்டம்பர் முதல் திருச்சியிலும் அது நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனை வரிசை அதனால் குறையாது. பலரும் கேட்கும் டிஜியாத்ரா (முக அடையாளத்தைக் கொண்டு வாயிலைக் கடக்கும் வசதி) உள்நாட்டுப் பயணங்களுக்கு மட்டுமே உரியது.

திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாங்கி விமான நிலையத்தின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானத்தில் ஏறும் கேட்டின் வாசலில்தான் நடக்கும். கடைகளைச் சுற்றிவிட்டுக் கடைசி நேரத்தில் வருபவர்கள் அங்கே ஒன்றாகக் குவிகிறார்கள். உள்ளே வாங்கிய தண்ணீர் பாட்டிலைக்கூட அங்கு கொட்டிவிடத்தான் வேண்டும். கேட் திறக்கும் நேரம் விமானத்தில் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டிலும் அறிவிப்புத் திரையிலும் இருக்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே ஆத்தாவின் நாற்காலியுடன் அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.