கல்லமேட்டு எலும்பு எங்கே?

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு அரியலூர் பக்கம். கல்லமேட்டில் டி.ரெக்ஸைவிடப் பெரிய, மாமிசம் தின்னும் டைனோசர் கிடைத்தது என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. அந்த எலும்பைக் காட்டச் சொல்லி பையன் நச்சரிக்கிறான். உண்மையா? எங்கே வைத்திருக்கிறார்கள்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

எலும்பு கிடைத்தது உண்மை. மாமிசம் தின்னும் என்பதும் வீடியோக்காரர் கட்டிய கதை இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டபோது அப்படித்தான் வகைப்படுத்தினார்கள். பிருகத் காயம் என்றால் பெரிய உடம்பு. இடுப்பெலும்பு, தொடையெலும்புத் துண்டு, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கால் எலும்பு, வாலின் ஒரு முள்ளெலும்பு, இவ்வளவுதான் கையில் இருந்தது. பல் ஒன்று இருந்திருந்தால் என்ன தின்றது என்ற சிக்கலே வந்திருக்காது.

சிக்கல் அந்தக் கீழ்க்கால் எலும்பில்தான். நீளம் 2 மீட்டர்! முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்குமே உங்கள் வீட்டு வாசற்கதவு உயரம். டி.ரெக்ஸுக்கு அது சுமார் 1.2 மீட்டர்தான். அவ்வளவு பெரிய வேட்டை விலங்கா என்று பலரும் தயங்கினார்கள். 1995இல் சங்கர் சாட்டர்ஜி அது நீண்ட கழுத்துள்ள டைட்டனோசார் என்றார். இலை தழை தின்கிற ஜாதி. இன்று எல்லாரும் அந்தப் பக்கம்தான்.

எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, எங்குமே இல்லை. ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருந்த எலும்புகள், ஆய்வுத் துறைக்குப் போய்ச் சேரும் முன்பே உதிர்ந்துவிட்டன. 2017இல் வெளிவந்த கட்டுரையில் அய்யாசாமியே இதை எழுதியிருக்கிறார். மிஞ்சியவை சில கோட்டோவியங்களும், 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும். அதற்கு முன்பு, அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. நூறு டன்னுக்கு மேல் எடை போட்டவர்களும் இருக்கிறார்கள். உதிர்ந்துபோன எலும்பை வைத்துத் தராசு பிடிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மாமிசம் தின்னிதான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால், அதுவும் கல்லமேட்டுப் பாறைகளில் உண்டு. ட்ரூடோன்ட் என்ற, பறவை போன்ற சின்ன டைனோசர் வகையினுடையது என்று 2013இல் ஒரு பல்லை அறிவித்தார்கள். என்ன, விரல் நகத்தைவிடச் சின்னது.

இப்போதைக்கு சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப் போங்கள். 18 மீட்டர் நீளம், நேரில் பார்க்கலாம். அப்புறம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். மத்தியானத்தில் மட்டும் கிளம்பாதீர்கள், உங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததா?