சர்க்கரைத் தண்ணீரைத் தொடாத பூச்சி

கேள்வி: எங்கள் பால்கனிச் சுவரில் வெளிர்பச்சை நிறத்தில், நீண்ட வாலோடு, உள்ளங்கை அகலத்தில் ஒரு பூச்சி. குடகில் பார்த்த பெரிய மஞ்சள்-கறுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு இது உறவா? சர்க்கரைத் தண்ணீர் வைத்தோம், குடிக்கவில்லை. இருட்டியதும் வெடவெடவென்று நடுங்கியது. நோயா?
– வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: நோயில்லை. அது நிலா அந்துப்பூச்சி. பறக்கும் முன் தசையைச் சூடேற்றவே நடுங்குகிறது. வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்யும் வாயே கிடையாது. புழுவாகத் தின்று சேர்த்த கொழுப்பில் ஒரு வாரம் போல வாழும். சர்க்கரைத் தண்ணீரில் இறக்கை ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

உறவு தூரத்து உறவு. இது டசர் பட்டுப்பூச்சியின் குடும்பம். குடகில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கர்நாடகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியான சதர்ன் பேர்ட்விங். இறக்கை விரிந்தால் 14 முதல் 19 செ.மீ. அது எலுமிச்சைச் செடிக்கு வரும் வண்ணத்துப்பூச்சியின் குடும்பம். இறக்கையை விரித்து உட்கார்ந்தால் அந்துப்பூச்சி என்பார்கள். நம்பாதீர்கள், பேர்ட்விங்கும் வெயிலில் விரித்துத்தான் காயும். உணர்கொம்பைப் பாருங்கள்: வண்ணத்துப்பூச்சிக்கு நுனி தடித்திருக்கும், நிலா அந்துப்பூச்சிக்கு இறகு போலப் பிரிந்திருக்கும்.

இரண்டையும் பிரிப்பது அளவல்ல, எதிரி. பேர்ட்விங் பகலில், பறவைகளின் கண்ணெதிரே பறக்கிறது. புழுப் பருவத்தில் தின்ற கொடியிலிருந்து சேர்த்த நஞ்சு உடம்பில் இருப்பதால், பளிச்சென்ற மஞ்சளைக் காட்டி எச்சரிக்கிறது. இரவில் நிறம் உதவாது. வௌவால் எதிரொலியை வைத்து வேட்டையாடும். நிலா அந்துப்பூச்சியின் அமெரிக்க உறவான லூனா அந்துப்பூச்சியை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வந்தது: சுழலும் வால் எதிரொலியைக் குழப்பி, வௌவாலின் தாக்குதலை உடம்பிலிருந்து வால்பக்கம் திருப்புகிறது. வால் கிழிந்தாலும் பூச்சி பறக்கும்.

அடுத்த முறை வந்தால் பால்கனி விளக்கை அணையுங்கள். இறக்கையைப் பிடிக்க வேண்டாம், செதில் உதிரும். ஒரு அட்டையில் ஏறவிட்டு மர நிழலில் விடுங்கள். டப்பாவில் அடைத்தால் அடித்துக்கொண்டே இறக்கையைக் கிழித்துக்கொள்ளும்.

கேள்வி: பேர்ட்விங் வர என்ன நடலாம்?

பதில்: ஈஸ்வரமூலிக் கொடி. ஆனால் பேர்ட்விங்கின் வீடு மேற்குத் தொடர்ச்சி மலை. நகரத்து மாடிக்கு வருவது அபூர்வம். அதே கொடியைத் தின்னும் காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் வண்ணத்துப்பூச்சிகள் வர வாய்ப்பு அதிகம். ஈஸ்வரமூலியின் உறவான, பெரிய பூ பூக்கும் தென்னமெரிக்க அழகுக்கொடியை வாங்கிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் அதில் முட்டையிட, புழுக்கள் தின்று சாகின்றன. வீட்டில் யாரும் ஈஸ்வரமூலியைக் கஷாயத்துக்குப் பறிக்கவும் விடாதீர்கள்: அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.