பொதுமுடக்கத்தில் பிடுங்கிய பல்: மூன்றாம் நாள் வலி கூடினால்?

கேள்வி: கொரோனா பொதுமுடக்கத்தின்போது கீழ்க் கடைவாய்ப் பல்லை அவசரமாகப் பிடுங்கிக்கொண்டேன். இரண்டு நாள் வலி குறைந்துவந்தது. மூன்றாம் நாள் முதல் காதுவரை தெறிக்கிறது, வாயும் நாறுகிறது. காய்ச்சலோ வீக்கமோ இல்லை. வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைச் சாப்பிடலாமா? மருத்துவர் தொலைபேசியில் மட்டுமே பேசுகிறார்.

பதில்: சாப்பிட வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் ‘டிரை சாக்கெட்’ எனப்படும் உலர்குழிக்கு உரியவை. பல்லைப் பிடுங்கியதும் குழிக்குள் இரத்தம் உறைந்து எலும்பை மூடிக்கொள்ளும். அந்த உறைவு கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டால், திறந்து கிடக்கும் எலும்பில் உணவோ நீரோ படும்போதெல்லாம் வலி உயிரை வாங்கும். இது கிருமி பரவுவதால் வரும் வலி அன்று என்பதால் ஆன்டிபயாட்டிக் இதைத் தணிக்காது. புகைபிடிப்பவர்களுக்கும், சிரமப்பட்டுப் பிடுங்கிய கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கும் இது கூடுதலாக வரும்.

2020 மார்ச்சில் பல நாடுகளில் வழக்கமான பல் சிகிச்சை நிறுத்தப்பட்டபோது, பல்லைக் குடையும் சுழல் கருவிகள் எச்சில் துளிகளைக் காற்றில் பரப்பிக் கொரோனாவைத் தொற்றவைக்கும் என்ற அச்சத்தால் வேர் சிகிச்சை தள்ளிப்போடப்பட்டது. காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள்கூட இடுக்கிக்கு இரையாயின என்பது வருத்தத்துக்குரியது. மாத்திரையிலேயே நாளைக் கடத்திச் சீழ் கட்டிய பின் வருபவருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது, பல்லும் எளிதில் வராது, காயம் பெரிதாகிறது.

உலர்குழிக்கான சிகிச்சை எளியது. குழியை உப்புநீரால் கழுவி மருந்து வைத்து அடைத்தால் வலி விரைவில் அடங்கும்; சுழல் கருவி தேவையில்லை, சில நிமிடங்களே ஆகும். ஆகவே நேரில் பார்க்கும்படி தயங்காமல் கேளுங்கள். அதுவரை பாரசிட்டமால் எடுக்கலாம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்க மருந்து இவற்றுள் ஏதாவது இருந்தால் ஐபுப்ரோஃபென் என்னும் வலி மாத்திரை வேண்டாம். வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்திருந்து வழியவிடுங்கள். வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். கிராம்பு எண்ணெயை நேராகக் குழியில் ஊற்றினால் சதை வெந்துவிடும்.

ஆனால் மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் ஏறுவது, காய்ச்சல், விழுங்க முடியாமை, நாக்கின் அடி தடித்துக் குரல் மாறுவது, மூச்சுத் திணறல் ஆகியவை தொலைபேசியில் பேசித் தீர்க்கும் விஷயங்கள் அல்ல. ஊரடங்கானாலும் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் தாடையின் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை நெரிக்கக்கூடும். இரத்தம் கசிந்தால் நனைத்த சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, நடுவே எடுத்துப் பார்க்காமல் 20 முதல் 30 நிமிடம் கடித்திருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் நேரில் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது.

மருத்துவரிடம் பேசும்போது பல் பிடுங்கிய தேதி, வலி கூடிய நாள், உடல் வெப்பம் ஆகியவற்றோடு, முன்பற்களுக்கு இடையே எத்தனை விரல் நுழைகிறது என்பதையும் சொல்லுங்கள். பொதுவாக மூன்று விரல் நுழையும். அது நாளுக்கு நாள் குறைந்துவந்தால் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்பதை மருத்துவர் உடனே புரிந்துகொள்வார்.