கிட்டாரில் பல வருடமாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பசையை, ஃபினிஷ் கெடாமல் எடுப்பது எப்படி?

கேட்டிருப்பது இதுதான்: கைமாறி வந்த எலெக்ட்ரிக் கிட்டார், உடல் முழுக்கப் பழைய ஸ்டிக்கர்கள். உரித்தால் மேல்தாள் மட்டும் வருகிறது, அடியில் காகிதமும் பழுப்பேறிய பசையும் அப்படியே நிற்கின்றன. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

தின்னர் வேண்டாம். அசிட்டோனும் வேண்டாம், நகப்பூச்சு நீக்கியும் வேண்டாம். பசையைக் கரைக்கப் பத்துப் பொருள் கிடைக்கும். அவற்றில் பாதி கிட்டாரின் மேற்பூச்சையும் சேர்த்தே கரைத்துவிடும். அதனால் பசையை மறந்துவிட்டு, முதலில் மேற்பூச்சு என்ன வகை என்று பாருங்கள்.

இன்று விற்கும் குறைந்த விலை, நடுத்தர விலைக் கிட்டார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர் இருக்கும். பேச்சு வழக்கில் இரண்டையும் 'பாலி' என்பார்கள். கண்ணாடி போல் தடிப்பாக இருக்கும்; அடிபட்டால் சில்லாகப் பெயரும். டெய்லர் கம்பெனியின் அகூஸ்டிக் கிட்டார்களில் புற ஊதா ஒளியில் இறுகும் பாலியஸ்டர். கிப்சன் பெரும்பாலும் இன்றும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான் (சுருக்கமாக 'நைட்ரோ') அடிக்கிறது. ஃபெண்டர் 1960களின் பிற்பகுதியில் நைட்ரோவிலிருந்து பாலியஸ்டர் பக்கம் நகர்ந்தது. நைட்ரோ மெல்லிய பூச்சு, ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்தான். வயதானால் மஞ்சளடிக்கும், மயிரிழை போல் வெடிப்புக் கோடுகள் விழும். கையால் செய்த கிளாசிக்கல் கிட்டார் என்றால் ஷெல்லாக், அதாவது அரக்கு, இருக்க வாய்ப்பு அதிகம்; துணியால் மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்து ஏற்றும் ஃப்ரெஞ்ச் பாலிஷ் முறையில் பூசியிருப்பார்கள்.

பார்த்துத் தெரியவில்லையென்றால் மறைவான இடத்தில் சோதிக்கலாம். பிக்கார்டை (கீறல் படாமல் உடல் மேல் பொருத்தியிருக்கும் தகடு) கழற்றினால் அடியில், அல்லது கழுத்து உடலோடு சேரும் குழியின் விளிம்பில். காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியை அசிட்டோனில் லேசாக நனைத்து, 3 வினாடி தொட்டு எடுங்கள். இடம் பிசுக்கென்று இளகினாலோ பஞ்சில் நிறம் ஏறினாலோ அது லாக்கர் அல்லது ஷெல்லாக். ஒன்றும் ஆகவில்லையென்றால் பாலி. ஷெல்லாக்கா என்று பிரித்தறிய, அசிட்டோனுக்குப் பதில் ஆல்கஹால் தொட்டுப் பாருங்கள். ஷெல்லாக் உடனே ஒட்டும். அசிட்டோனுக்கு இந்த வேலையில் இடம் இந்தப் பஞ்சுக் குச்சி நுனியோடு சரி. சோதித்ததும் மூடி வைத்து வேறு அறையில் கொண்டுபோய் வையுங்கள். பிளாஸ்டிக் பிக்கார்டையும் செல்லுலாய்டு விளிம்புப் பட்டையையும் அது உருக்கிவிடும்.

இதையெல்லாம் சோதிக்க முடியாத நிலை என்றால் நைட்ரோ என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். நைட்ரோவுக்கு ஒத்துக்கொள்வது பாலிக்கும் ஒத்துக்கொள்ளும். இதைத் தலைகீழாக நம்பினால்தான் ஆபத்து.

இப்போது முதல் மருந்து: நாப்தா. ஜிப்போ போன்ற லைட்டர்களுக்கு ஊற்றும், ரான்சனால் போன்ற பெயர்களில் விற்கும் திரவம் இதுதான். (கேஸ் லைட்டரில் அடைக்கும் பியூட்டேன் வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கிட்டார் பழுது பார்ப்பவர்கள் மேசையில் இந்தச் சின்னக் குப்பி எப்போதும் இருக்கும், காரணம் உண்டு. ஸ்டிக்கர் பசையில் இருக்கும் ரப்பரும் ஒட்டும் பிசினும் எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பானில் இளகும், நாப்தா அப்படிப்பட்டது. நைட்ரோவைக் கரைப்பவை அசிட்டோன், தின்னர் போன்ற வேறு குணமுள்ள கரைப்பான்கள். ஆகவே காய்ந்து இறுகிய நைட்ரோவோ பாலியோ ஷெல்லாக்கோ நாப்தாவுக்கு அசையாது, பசை மட்டும் அசையும். ஓரிரு நிமிடத்தில் ஆவியாகிவிடும், பின்னால் படலமும் விடாது. என்றாலும் மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்து 5 நிமிடம் பார்த்துவிட்டே தொடங்குங்கள். ஏற்கெனவே யாராவது மறுபெயின்ட் அடித்த கிட்டாரில் என்ன பூசியிருக்கிறது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது.

நாப்தா சட்டென்று தீப்பிடிக்கும். அதன் ஆவி கனமானது, தரையோடு பரவும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்பு, ஊதுவத்தி, சிகரெட், சூடான சாலிடரிங் இரும்பு எதுவும் அருகில் கூடாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடாமல், வெளியே விரித்துப் போட்டு முழுக்க உலரவிட்டுப் பிறகு எறியுங்கள்.

உரியாமல் நிற்கும் ஸ்டிக்கர் இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். வினைல் (பிளாஸ்டிக்) ஸ்டிக்கருக்குச் சூடு உதவும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே அரை நிமிடம் காட்டுங்கள். உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து எடுக்காமல் பொறுக்க முடிகிறதா? அந்த அளவுச் சூடு போதும். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டவே வேண்டாம். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கிட்டாரின் மரத் துண்டுகளை இணைத்திருக்கும் பசையே இளகத் தொடங்கும். அகூஸ்டிக் கிட்டாரில் பிரிட்ஜுக்கு (உடல் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் இருக்கும் ஸ்டிக்கருக்குச் சூடே காட்டாதீர்கள். ஓரம் எழும்பியதும் மேல்நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடக்கி, உடலோடு ஒட்டினாற்போலத் தட்டையாக, மெதுவாக இழுங்கள். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால், பழைய நைட்ரோவில் வெடிப்புக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் லாக்கர் துண்டும் கூடவே வந்துவிடும். ஐஸ் வைத்து உறையவைத்துப் பெயர்க்கும் உத்தி உலோகப் பாத்திரத்துக்குச் சரி. நைட்ரோவில் திடீர்க் குளிர் பட்டால் புது வெடிப்புகள் விழும். சூடு காட்டும் வேலை முடிந்து கிட்டார் ஆறிய பிறகே நாப்தா குப்பியைத் திறக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் கூடவே கூடாது.

காகித ஸ்டிக்கருக்குச் சூடு அவ்வளவு பலிக்காது. மேல்தாளில் மெழுகோ பிளாஸ்டிக் படலமோ இருந்தால் அதை நகத்தால் உரித்துவிட்டு, அடியில் நிற்கும் நார்த்தாள் மேல் நாப்தாவைச் சொட்டுங்கள். தாள் அதை உறிஞ்சிப் பசை வரை கொண்டுபோகும். தண்ணீரில் ஊறவைப்பது பாலியில் தவறில்லை; வெடிப்புள்ள நைட்ரோவில் தண்ணீர் மரத்துக்குள் இறங்கி நிறத்தைக் கெடுக்கும்.

இனிப் பசை. எல்லோரும் தவறு செய்வது இங்கேதான்: ஊறவிடாமல் தேய்ப்பது. பழைய பனியன் துணியையோ மைக்ரோஃபைபரையோ இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, 8, 10 சொட்டு நாப்தா விட்டு, பசை மேல் படியவையுங்கள். மேலே ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை மூடினால் ஆவியாவது குறையும். 1 முதல் 2 நிமிடம் பொறுங்கள். துணியை எடுத்ததும் கட்டைவிரலால் பசையை உருட்டுங்கள். அழுக்கு உருண்டை போலத் திரளும். திரண்டதைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கியே துடைக்க வேண்டும், வெளிப்பக்கம் துடைத்தால் கரைந்த பசை சுத்தமான இடத்தில் பரவும். ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். அதே அழுக்குப் பக்கத்தால் பத்து முறை துடைத்துவிட்டுப் 'போகவே மாட்டேனென்கிறது' என்று தோன்றினால், பசை கரைந்து கரைந்து திரும்ப அங்கேயே பூசப்படுகிறது என்று பொருள். உள்ளங்கை அளவு ஸ்டிக்கருக்கு இப்படி நான்கைந்து சுற்று ஆகும். பழுப்பேறி ஓடு போல இறுகிய பசைக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு அதன் ரப்பர் இறுகிப் போயிருக்கிறது, இளக நேரம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சுரண்ட வேண்டுமென்றால் கிட்டார் பிக்கின் வட்டமான பக்கமோ, காலாவதியான பிளாஸ்டிக் அட்டையின் ஓரமோ போதும். பிளேடு, கத்தி, ஸ்டீல் உல் எதுவும் வேண்டாம். அட்டையையும் படுக்கவைத்தே தள்ளுங்கள், ஊறிய பசையில் மட்டும்.

நாப்தாவுக்கு அசையாத பசையும் உண்டு. அக்ரிலிக் வகைப் பசைகளில் சில அப்படி. பாலி ஃபினிஷ் என்று உறுதியாகத் தெரிந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் முயலலாம். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த பசை நீக்கியும் பாலிக்கு ஒத்துக்கொள்ளும். நைட்ரோவில் இவை இரண்டையும் தவிர்க்க வேண்டும். ஆல்கஹால் பட்ட இடம் வெளிறும், ஆரஞ்சு எண்ணெய் லாக்கரை இளக்கும். ஷெல்லாக்கில் ஆல்கஹால் பட்டால் பூச்சே போய்விடும். கை சுத்திகரிப்பான் தடவிய ஈரக் கையோடு அந்தக் கிட்டாரைத் தொடுவதுகூட ஆபத்து.

நைட்ரோவில் பிடிவாதமான பசைக்குச் சமையல் எண்ணெயோ குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலோ நல்லது. பசை மேல் மட்டும் தடவி 15 நிமிடம் விட்டு, விரலால் உருட்டி எடுத்து, எஞ்சிய எண்ணெயை நாப்தாவால் துடையுங்கள். ஆனால் வெடிப்பு, கீறல், பூச்சு பெயர்ந்த இடம் இருந்தால் எண்ணெய் கூடாது. வெற்று மரத்தில் இறங்கிய எண்ணெய்க் கறை பிறகு போகாது. சிலிக்கோன் கலந்த ஸ்பிரே எதையும் கிட்டாரில் அடிக்காதீர்கள். பின்னால் யாராவது அந்த இடத்தில் லாக்கர் தொட்டுச் சரிசெய்ய நினைத்தால், சிலிக்கோன் இருந்த இடத்தில் லாக்கர் ஒட்டாமல் குழி குழியாக விலகி நிற்கும்.

மேட், சாட்டின் ஃபினிஷ் கிட்டார்களுக்குத் தனி எச்சரிக்கை. நாப்தா போடலாம், அழுத்தித் தேய்க்கக் கூடாது. மேட் தோற்றம் நுண்ணிய சொரசொரப்பால் வருவது. தேய்த்தால் அது வழவழப்பாகி அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவினாற்போல மின்னும். அதைத் திரும்ப மங்கவைப்பது பசையை எடுப்பதைவிடப் பெரிய வேலை. வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் 'அழிப்பான்' சாட்டினில் பளபளப்பையும் பளபளப்பான ஃபினிஷில் மங்கலையும் உண்டாக்கும், ஏனென்றால் அது மிக நுண்ணிய உப்புத்தாள்தான். பற்பசையும் அப்படியே.

ஹெட்ஸ்டாக்கில், அதாவது கம்பி முறுக்கும் ஆணிகள் இருக்கும் தலைப்பகுதியில், ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் லோகோ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லோகோவின் மேல் தெளிவான பூச்சு இருந்தால் கவலையில்லை. சில கிட்டார்களில் அது பூச்சுக்கு மேலே வெறுமனே அச்சடித்ததாக இருக்கும்; நகம் ஓட்டினால் விளிம்பு தட்டுப்படும். அங்கே எந்தக் கரைப்பானும் படாமல் சுற்றி மட்டும் துடையுங்கள்.

எல்லாம் போய்விட்டதா என்று பார்க்க, அந்த இடத்தில் வாயால் ஊதி ஆவி படியவையுங்கள். பசை மிச்சமிருந்தால் ஸ்டிக்கரின் வடிவம் ஆவியில் தனியாகத் தெரியும். தெரியாவிட்டால் பசை வேலை முடிந்தது. அதன் பிறகும் ஆவி இல்லாமலே ஸ்டிக்கரின் உருவம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால், அது பசையல்ல, மூன்று வேறு விஷயங்களில் ஒன்று.

ஒன்று, நிறம். ஸ்டிக்கருக்கு வெளியே இருந்த பூச்சும் மரமும் வருடக்கணக்கில் வெளிச்சம் பட்டு மஞ்சளாகவோ கருமையாகவோ மாறியிருக்கும், உள்ளே இருந்த இடம் பழைய நிறத்திலேயே நிற்கும். வெள்ளைக் கிட்டார்களில் இது பளிச்சென்று தெரியும். இதற்கு எந்தக் கரைப்பானும் மருந்தல்ல. நல்ல வெளிச்சமுள்ள அறையில், நேர்வெயில் படாமல் மாதக்கணக்கில் மாட்டி வைத்தால் கொஞ்சம் ஈடாகும், முழுக்க ஈடாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பசை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் பூச்சு தேய்ந்து மரம்தான் தெரியும்.

இரண்டு, மங்கல். நகம் ஓட்டினால் விளிம்பு தட்டுப்படவில்லை, ஆனால் பளபளப்பு மட்டும் குறைவு என்றால் பாலிஷ் செய்யலாம். சிலிக்கோன் இல்லாத மிக நுண்ணிய பாலிஷ், 'ஸ்வர்ல் ரிமூவர்' என்று கிடைப்பது, பட்டாணி அளவு போதும். மென்மையான துணியில் சிறு வட்டங்களாக, கையால், ஒரு நிமிடம். மாறவில்லையென்றால் அதைவிட ஒருபடி சொரசொரப்பான 'ஃபைன்' பாலிஷ் போட்டு, மீண்டும் ஸ்வர்ல் ரிமூவர். உடலின் விளிம்புகளில் பூச்சு எப்போதும் மெலிந்திருக்கும், அங்கே அழுத்த வேண்டாம். வெடிப்புள்ள நைட்ரோவில் பாலிஷ் வெள்ளையாக வெடிப்புக்குள் போய் உட்காரும், எடுக்க முடியாது. அங்கே மங்கலை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, நைட்ரோவுக்கே உரியது. வினைல் ஸ்டிக்கரை வளையும்படி மென்மையாக வைத்திருக்கும் சேர்மங்கள் காலப்போக்கில் லாக்கருக்குள் இறங்கி அதையும் மென்மையாக்கிவிடும். ரப்பர் ஸ்டாண்டில் வைத்த நைட்ரோ கிட்டாரில் தழும்பு விழுவதும் இதே காரணத்தால்தான். ஸ்டிக்கர் இருந்த இடம் பசை போன பிறகும் ஒட்டுகிறது, நகம் பதிகிறது, விளிம்பில் பள்ளம் இருக்கிறது என்றால் பசையில்லை, லாக்கரே கெட்டிருக்கிறது. அதைத் துடைக்கவும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். எதுவும் படாமல் சில வாரம் காற்றாட விடுங்கள். பிறகும் ஒட்டினால், லாக்கர் வேலை தெரிந்த பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புது லாக்கர் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். எந்த இடத்தில் என்னென்ன தடவினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், அதைப் பொறுத்துத்தான் அவர் சுத்தம் செய்வதைத் தொடங்குவார்.