நிரபராதியைத் தூக்கில் போட்ட பிறகு உண்மை தெரியவந்த வழக்கு ஏதாவது உண்டா?

உண்டு. எனக்கு ஊர் பூம்புகார் பக்கம். கோவலன் கதையைப் பாடத்தில் படிக்கும் முன்பே கலைக்கூடத்துச் சுவர்ச் சிற்பங்களில் பார்த்தாயிற்று. கூட வந்த பிள்ளைகள் கண்ணகியைப் பார்த்தார்கள். எனக்குப் பொற்கொல்லன் மேல்தான் கண். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன், கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுத்தவனும் அவனே. இதெல்லாம் கதையில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன், திமோத்தி எவன்ஸ் வழக்கைப் படிக்கும்வரை.

லண்டன், 1949. எவன்ஸ் ஒரு வேன் டிரைவர், எழுதப்படிக்கச் சரியாக வராது. மனைவியும் கைக்குழந்தையும் கொலையாகிக் கிடந்தார்கள். போலீசிடம் முன்னுக்குப்பின் முரணாக உளறி, ஒரு கட்டத்தில் தானே செய்ததாகவும் சொல்லிவிட்டார். கோர்ட்டில், கீழ்வீட்டு ஜான் கிறிஸ்டிதான் கொலைகாரன் என்றார். அந்தக் கிறிஸ்டிதான் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி! யுத்த காலத்தில் போலீஸ் வேலை பார்த்தவர் வேறு. ஜூரிகள் அவரை நம்பினார்கள். 1950 மார்ச் 9 அன்று எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள். வயது 25.

மூன்று வருஷம் கழித்து கிறிஸ்டி வீட்டைக் காலி செய்தார். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே மூன்று பெண்களின் உடல்கள். தரைக்கு அடியில் அவர் மனைவி. தோட்டத்தில் இன்னும் இருவர். அவர்களில் ஒருத்தியின் தொடை எலும்பு வேலிக்கு முட்டுக் கொடுத்திருந்தது. 1949இல் போலீஸ் தேடியபோதே அது அங்கேதான் இருந்தது. எவன்ஸின் மனைவியைக் கொன்றதையும் கிறிஸ்டி ஒப்புக்கொண்டார்.

நம் பக்கம் வந்தால் ராஜீவ் வழக்கு. 1998இல் தடா கோர்ட், அதாவது பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கான தனி கோர்ட், 26 பேருக்கு, அதாவது அத்தனை பேருக்கும், தூக்கு என்றது. மறுவருஷமே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்முறையீடு என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால்?

இதைச் சொன்னால் எங்கள் திருவாரூர் மாமா மனுநீதிச் சோழனை இழுப்பார். "பெத்த புள்ளையையே தேர்க்கால்ல போட்ட மண்ணுடா இது." சரிதான் மாமா. ஆனால் அந்தக் கதையில் சிவபெருமானே வந்து கன்றையும் மகனையும் எழுப்பிக் கொடுத்துவிடுகிறார்.

எவன்ஸுக்கு நடந்தது வேறு. 1965இல் சிறைக்குள் புதைத்திருந்த உடலைத் தோண்டி எடுத்து, வெளியே ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வருஷம் அரச மன்னிப்பு வந்தது. அவர் செய்யாத கொலைக்கு.